ஐப்பசிக் கொல்லை

மயிலாடுதுறை
ஐப்பசி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அங்கே நலமா என்று போனில் கேட்டால் "நல்லாருக்கேன்ப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, அதனால் எழுதுகிறேன். இதை உன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. 12 உறைக் கிணற்றில் 9 உறைக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. கொல்லையில் எங்கே கால் வைத்தாலும் சொதசொதவென்று இருக்கிறது. இங்கிலீஷில் ஆட்டம் (autumn) என்றால் இலையுதிர்காலம் என்று 31 வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். நம் கொல்லையில் இலை உதிர்வது தை, மாசியில் வாதா மரம், அதற்கப்புறம் வேம்பு. ஐப்பசியில் எதுவும் உதிர்வதில்லை, எல்லாம் முளைக்கிறது. வேண்டாதது முதலில் முளைக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பருவத்துக்குத் தமிழ் வாத்தியார் கூதிர் என்று அழகாக ஒரு பெயர் சொல்வார். நான்தான் அதை ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

அவரை பந்தல் ஏறிவிட்டது. ஆடியில் போட வேண்டிய விதையை ஆவணிக் கடைசியில்தான் போட்டேன். அம்மா இருந்தால் நாலு நாள் பேசியிருக்க மாட்டாள். ஆனாலும் கொடி அவரை எப்போது போட்டாலும் பனி இறங்கினால்தான் பூக்கும், அந்தத் தைரியத்தில் இருக்கிறேன். இப்போதே கொழுந்தில் அசுவினிப் பூச்சி கறுப்பாக அப்பியிருக்கிறது. அடுப்புச் சாம்பலுக்கு எங்கே போவது, நம் வீட்டில் அடுப்பே இல்லையே. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து அடித்தேன். அடித்து அரை மணியில் மழை. மறுபடி அடித்தேன், மறுபடி மழை.

கத்தரி நாற்று முதல் தடவை மொத்தமும் போய்விட்டது. முளைத்து நாலு இலை விட்டதெல்லாம் தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் கறுத்து, நூல் மாதிரி மெலிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்துவிட்டது. பூச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் நின்றதுதான் காரணம். இரண்டாம் தடவை ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, மணல் கலந்து, மேலே பாலித்தீன் கட்டியிருக்கிறேன். பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. உன் பால்கனித் தொட்டிகளையும் பார். பெங்களூரிலும் இப்போது மழைதானே. அடித் தட்டை எடுத்துவிடு, ஓட்டை அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடு. தண்ணீர் நிற்க விடாதே.

முருங்கையைப் புரட்டாசிக்குள் இடுப்பு உயரத்துக்குக் கழித்துவிடச் சொல்லி அம்மா வருஷா வருஷம் சொல்வாள். நான் வருஷா வருஷம் நாளைக்கு என்பேன். போன வெள்ளிக்கிழமைக் காற்றில் பெரிய கிளை முறிந்து எதிர்வீட்டுச் சுவர்மேல் விழுந்தது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, கீரையைப் பறித்துக்கொண்டார்கள். மீதித் தண்டில் கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தாக. மண்ணெண்ணெய்ப் பந்தம் காட்டவில்லை, பயப்படாதே. நீ ஆறாம் வகுப்பில் அழுத அழுகைக்கு அப்புறம் இந்த வீட்டில் யாரும் பந்தம் பிடித்ததில்லை. சோப்புத் தண்ணீர்தான்.

பூவன் ஒன்று தார் போட்டிருக்கிறது. சவுக்குக் கழி இரண்டு வாங்கிக் கத்தரிக்கோல் மாதிரி முட்டுக் கொடுத்திருக்கிறேன். உனக்கு வேலை உயர்ந்ததைப் பேப்பர் போடுகிறவரிடம்கூடச் சொல்லிவிட்டேன். "உங்க பொண்ணு தீபாவளிக்கு வந்துச்சா சார்?" என்றார். வேலை என்றேன். தீபாவளிக்கு முன்னாலும் பின்னாலும் மூன்று மூன்று நாள் உனக்கு லீவு என்று நீயே ஆவணியில் சொன்னாய். சரி, அதை விடு.

நேரத்துக்குச் சாப்பிடு. அன்று வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. வெளிச்சம் அப்படி என்றாய். இருக்கலாம். வெளிச்சத்தால்தானோ என்னவோ, உனக்குப் பின்னால் சுவரும் மஞ்சளாக இருந்தது. உங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை. மூன்று தடவை பார்த்துவிட்டேன், மூன்று தடவையும் மஞ்சள்தான். மாப்பிள்ளை குரலைக் கேட்டு ஆடியிலிருந்து நாளாகிறது. அவரைப் பற்றி நான் கேட்கவில்லை. கறிவேப்பிலைத் தொட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல். நான் கொடுத்தனுப்பிய கன்று, இப்போது இடுப்பு உயரம் இருக்குமே. அதைக் கூட எடுத்து வந்தாயா, அங்கேயே விட்டுவிட்டாயா? விட்டிருந்தாலும் பரவாயில்லை. தாய்ச்செடி அடியில் பத்துக் கன்று முளைத்திருக்கிறது. எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாததால்தான் கடிதம் அலுவலகத்துக்கு வருகிறது. பழைய முகவரியா, புதுசா என்று ஒரு வரி போதும். விவரம் வேண்டாம்.

விவரம் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். காப்பி போட்டுக் குடித்தேன். திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கும் விவரம் வேண்டாம் என்றுதானே இருந்தேன்.

2022 நவம்பர். சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அந்த மழை. நீ வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பெரிய பெட்டியோடு வந்தாய், "சும்மாதான்ப்பா" என்றாய். நான் பெட்டியைப் பார்த்தேன், லீவு எத்தனை நாள் என்று கேட்டேன். பகல் முழுக்க அம்மா எப்போதும் உட்காரும் கல்மேல் உட்கார்ந்து கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மா இருந்திருந்தால் பக்கத்தில் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டு முடித்திருப்பாள். எனக்கு அது வரவில்லை. தொட்டிகளைத் திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ராத்திரி கரண்ட் போய், கொல்லைத் தண்ணீர் பின்கட்டுப் படியைத் தொட்டது. நீ டார்ச் பிடித்தாய், நான் வாய்க்கால் வெட்டினேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு "அப்பா, நான் இங்கயே இருந்துடட்டுமா?" என்றாய். நான் "டார்ச்ச இந்தப் பக்கம் காட்டு" என்றேன். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய். கேட்டது பாப்பா. நன்றாகக் கேட்டது. பெரியத்தை பின்கட்டில் இருந்த 12 வருஷமும் அந்த நிமிஷம் கண்முன் வந்தது. அவளை ஊர் பேசியதும், என் அப்பா பேசியதும், பேசாமல் இருந்ததும். பயந்துவிட்டேன். உனக்காகப் பயந்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்காகத்தான்.

டிக்கெட்டை நீ கேட்கவில்லை, நான்தான் எடுத்தேன். கார்த்திகை முதல் நாள், முடவன் முழுக்கு அன்று, ஆற்றில் குளிக்கப் போகிற கூட்டத்துக்கு எதிராக நடந்து ஸ்டேஷனுக்குப் போனோம். பரங்கிக்காயும் கறிவேப்பிலைக் கன்றும் கொடுத்து மைசூர் வண்டியில் ஏற்றிவிட்டேன். மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று மோர்மிளகாய் வேறு. நீ ஜன்னல் வழியாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய், ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி போன பிறகு நான் ஆற்றுக்குப் போய்க் குளித்தேன். நேற்றே ஐப்பசிக் கடைசி நாள் கடைமுகத்தில் குளித்தாயிற்று, எதற்கு மறுபடி என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. கொல்லைக்கே போகிறேன்.

போன மாதம் ஆள் விட்டுப் பின்கட்டு அறையில் ஓடு மாற்றினேன். இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை, தரையில் துணி விரித்துச் சோதித்துப் பார்த்தேன். பெரியத்தை கட்டில் வேண்டாம் என்று வேறு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். அறையிலிருந்து பார்த்தால் கொல்லை தெரிகிற மாதிரி ஜன்னலை மறைத்த நந்தியாவட்டையைக் கழித்துவிட்டேன், கொஞ்சம் அதிகமாகவே கழித்துவிட்டேன். டிசம்பர் பூ மொட்டு வைத்திருக்கிறது, ஊதாவும் வெள்ளையும். பறிக்க ஆளில்லாமல் போன வருஷம் செடியிலேயே காய்ந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு. தொட்டியில் தண்ணீர் நிற்க விடாதே. கடைமுகத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, டிக்கெட் கிடைக்காது. அதற்கு அடுத்த வாரம் என்றால் வண்டியில் இடம் இருக்கும் என்று ஸ்டேஷனில் கேட்டு வைத்திருக்கிறேன். எந்த வண்டி என்று மட்டும் சொல், நான் பிளாட்பாரத்தில் இருக்கிறேன். பெட்டி பெரிதாக இருந்தால் ஆட்டோவுக்கும் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அவரையில் இன்று காலை ஒரே ஒரு பூ. படம் எடுத்தேன், சரியாக விழவில்லை.