சித்தப்பாவுக்கு, ரேஷன் அரிசி பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

போன ஞாயிறு கோத்தகிரியில் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னீர்கள்: "சும்மா அரிசி, மாசம் ஆயிரம்னு கொடுத்துக் கெடுத்துட்டாங்க. அதான் ஊரெல்லாம் திருட்டு." நாலு பேர் முன்னால் உங்களை எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் இந்த வரிசை வீடுகளில், எப்போது பொருள் காணாமல் போகும்? ஜனவரியில் உறைபனி விழுந்து, தேயிலைக் கொழுந்து கருகி, வேலை நின்ற நாட்களில். அதிலும் சம்பளத்துக்கு முந்தின வாரம். போனதெல்லாம் கோழி, விறகு, ஒருமுறை அண்டா. கொழுந்து நிறைய வந்த மாதங்களில் நாம் கதவைத் தாழ்கூடப் போட்டதில்லை.

இதையே அமெரிக்காவில் 12 நகரங்களின் கணக்கை வைத்து ஃபோலி என்ற ஆய்வாளர் பார்த்தார். உதவித்தொகை மாதத் தொடக்கத்தில் மொத்தமாக வரும் ஊர்களில், மாதக் கடைசியில் பணத்துக்கான குற்றங்கள் கூடின. வெவ்வேறு தேதிகளில் பிரித்துக் கொடுத்த ஊர்களில் அப்படிக் கூடவில்லை.

இன்னொன்றும் உண்டு. அங்கே 1996-இல் சட்டத்தை மாற்றி, உடல் அல்லது மனக் குறைபாட்டுக்காக அரசு உதவி பெற்ற பிள்ளைகளுக்கு 18 வயதானதும் மறுபடி சோதித்தார்கள். பலருக்குத் தொகை நின்றது. அப்படி நின்றதால் அடுத்த 20 ஆண்டுகளில் அவர்கள்மீது குற்ற வழக்குகள் 20 சதவீதம் கூடின. காசுக்காகச் செய்யும் குற்றங்கள் மட்டும் 60 சதவீதம். மிச்சம் பிடித்த பணம் கிட்டத்தட்ட முழுவதும் போலீஸ், சிறைச் செலவிலேயே போனது.

ஆயிரம் ரூபாய் வந்தால் குடிக்கிறவன் குடியை நிறுத்திவிடுவான் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் விழும் அடியும் அதனால் நிற்காது. ஆனால் 2023 செப்டம்பரிலிருந்து அந்தப் பணம் அம்மாவின் கணக்கில் விழுகிறது, அப்பாவின் கையில் இல்லை. அது பெரிய விஷயம், சித்தப்பா.

அப்புறம், நீங்களே எனக்குச் சொன்ன கதை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இறங்கிய முதல் மாதங்களில், வேலை இல்லாமல், தாத்தா ராத்திரி அடுத்தவர் தோட்டத்து உருளைக்கிழங்கைத் தோண்டிக்கொண்டு வந்தார். நீங்கள் எல்லோரும் சுட்டுச் சாப்பிட்டீர்கள். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பெயர் எழுதி, லயத்தில் ஒரு அறையும் கிடைத்த பிறகு, சாகும்வரை அவர் ஒருவர் பொருளைத் தொட்டதில்லை. அந்த வேலையை அன்றைக்கு அரசுதானே கொடுத்தது?

அடுத்த ஞாயிறு வருகிறேன். சித்தியிடம் சொல்லி வையுங்கள்.

உங்கள் மகன்