இடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் வாருங்கள்

தமிழ்நாடு தொல்லியல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். வேலூரிலிருந்து எழுதுகிறேன், ஆனால் கோட்டையைப் பற்றி அல்ல. அதைப் பார்த்துக்கொள்ள மத்திய தொல்லியல் துறை இருக்கிறது. ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம், ஆரணி என்று பழைய வட ஆற்காட்டுத் தெருக்களில் மிச்சமிருக்கும் மரத்தூண் வீடுகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பங்காளிகள் பாகம் பிரித்ததும் வீடு இடிபடுகிறது, தூணும் நிலையும் உத்திரமும் பழைய மரக்கடைக்குப் போய்விடுகின்றன. கடைக்குப் போன தூண் எந்த வீட்டில், எந்த இடத்தில் நின்றது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. கீழடியில் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று குறிக்காமல் பானை ஓட்டை எடுப்பீர்களா?

உறவினர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஒரு தேக்குத் தூண் இருக்கிறது. இடுப்புயரத்தில் சதுரமாக ஒரு துளை, அதில் எதுவும் சொருகப்படவில்லை, எதிர்த்தூணில் அதற்கு ஜோடியும் இல்லை. அப்படியென்றால் அது வேறொரு கட்டடத்தில் நின்றுவிட்டு இங்கே வந்த மரம். பக்கத்துத் தூணைப் பாதி விழுங்கிக்கொண்டு கூடத்தின் குறுக்கே பிற்காலத்துச் சுவர் ஒன்று ஓடுகிறது, சுவருக்கு அந்தப் பக்கத்து உத்திரத்தில் மட்டும் அடுப்புக்கரி. அண்ணன் தம்பி தனிச்சமையல் ஆனது அங்கே அப்படியே தெரிகிறது. பத்திரம் எழுதாமலே பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ, அவற்றுக்கு இதுதான் சாட்சி. யார் திண்ணையோடு நின்றார்கள், யாரைக் கொல்லைக் கதவு வழியாக மட்டும் விட்டார்கள் என்பதையும் வாசல்களின் அமைப்பிலிருந்தே கேட்க முடியும்.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் இந்த ஊர்களுக்கு மரம் எங்கிருந்து வந்தது, ஜவ்வாது மலையா, கடல்வழி பர்மாவா? மரத்திலேயே தடயம் இருக்கிறது: கையால் அறுத்த பலகையில் ரம்பத்தின் தடம் நேர்க்கோடாக, ஏறுக்குமாறாக இருக்கும், இயந்திர வட்ட ரம்பம் வளைகோடு விடும். தேக்கு வருஷ வளையம் தெளிவாகப் போடுகிற மரம், வெப்ப நாட்டு மரங்களில் அது அபூர்வம், அதனால் வளையத்தை வைத்துக் காலம் கணிக்கலாம். ஆனால் ஆசாரிகள் கடைசி வளையங்கள் இருக்கும் வெளிப்புற வெண்மரத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு உள்ளிருக்கும் கெட்டியான வைரத்தை மட்டும் வைப்பதால், வெட்டிய வருஷத்தை வளையம் மட்டும் சொல்லிவிடாது. வீட்டைப் படிக்கத் தெரிந்தவர் நேரில் நின்று பார்த்தே ஆகவேண்டும்.

பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவியுங்கள் என்று கேட்கவில்லை. குடியிருப்பவர்களுக்கு அவர்கள் கஷ்டம். இடிக்க அனுமதி கேட்டு நகராட்சிக்கு மனு வந்தால் உங்களுக்கு ஒரு தகவல் வரட்டும், இரண்டு பேர் ஒரு நாள் வந்து அளந்து, படமெடுத்து, தூண்களுக்கு எண் போட்டு, ஒரு துண்டு மரம் எடுத்துக்கொண்டு போகட்டும். வீட்டுக்காரர்களிடம் பேசிச் சம்மதம் வாங்குவதை எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம்.