வசனத்தின் முதல் பாதியையும் அச்சிடுங்கள், ஐயா

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் மணி பன்னிரண்டைத் தாண்டியதும் நாங்கள் வரிசையில் வருவோம். தட்டில், புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். மனசுக்குள் ஒரு ஜெபம் செய்துவிட்டு ஒன்றை எடுப்போம். என் அம்மா அப்படி எடுத்த அட்டைகள் எல்லாம் அவருடைய வேதாகமத்துக்குள் இன்னும் இருக்கின்றன. சிலவற்றில் சூரிய உதயம், சிலவற்றில் திராட்சைக் குலை. அம்மா போன பிறகு ஒரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையையும் வேதாகமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து இதை உங்களிடம் சொல்லவேண்டும் என்று இருக்கிறேன்.

"கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." உபாகமம் 28:13 என்று கீழே போட்டிருக்கிறது. ஆனால் நம் வேதாகமத்தில் அந்த வசனம் அங்கே தொடங்கவில்லை. "இன்று நான் உனக்கு விதிக்கிற உன் தேவனாகிய கர்த்தரின் கட்டளைகளைக் கைக்கொள்ளவும், அவைகளின்படி நடக்கவும், நீ அவைகளுக்குச் செவிகொடுத்துவந்தால்" என்று தொடங்கி, அதற்கு அப்புறம்தான் தலையாக்குவதைப் பற்றிப் பேசுகிறது. மூல மொழியான எபிரெயத்தில் வாக்குறுதி முன்னால், நிபந்தனை பின்னால். தமிழில் நிபந்தனையைக் கடக்காமல் வாக்குறுதிக்கு வரவே முடியாது. ஆகவே இதை அட்டைக்காக எடுத்தவர் முதல் பாதியைப் படித்துவிட்டுத்தான் விட்டிருக்கிறார். தலையாக்குவார் என்கிற வசனத்தின் தலையையே எடுத்துவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14 வசனங்களில் முடிந்துவிடுகிறது. மீதி 54 வசனங்களும் செவிகொடாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றியவை. யூதர்கள் தங்கள் ஜெப ஆலயத்தில் ஆண்டுதோறும் இந்தப் பகுதியை வாசிக்கிறார்கள். சாபம் வருகிற இடத்தில் வாசிப்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். தாழ்ந்த குரலில் என்றாலும் வாசித்துவிடுகிறார்கள், தாண்டிப் போவதில்லை.

அவர்களுடைய முற்பிதாக்களும் தாண்டிப் போகவில்லை. சீகேமின் இரு பக்கமும் கெரிசீம், ஏபால் என்று இரண்டு மலைகள். இன்றைய நாப்லுஸ் நகரம் அவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஆறு கோத்திரம் கெரிசீமில் ஆசீர்வாதத்துக்காக, ஆறு கோத்திரம் ஏபாலில் சாபத்துக்காக நிற்கவேண்டும் என்று மோசே சொல்லிவைத்தார். யோசுவா அங்கே வந்தபோது உடன்படிக்கைப் பெட்டியை நடுவில் வைத்து, மக்களை இரண்டு பக்கமும் நிறுத்தி, பெண்களும் பிள்ளைகளும் கூட இருந்த அந்நியரும் கேட்க, ஒரு வார்த்தையையும் விடாமல் வாசித்தார். பலிபீடம் கட்டப்பட்ட இடம் சாபத்தின் மலையான ஏபால். இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பலி எங்கே தேவைப்படும் என்று கர்த்தருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, அந்தச் சாபங்கள் எதைப் பற்றியவை? உபாகமம் 27-ல் ஜனங்கள் "ஆமென்" சொல்லவேண்டிய பன்னிரண்டையும் பாருங்கள். விக்கிரகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, தாய் தகப்பனைத் தாழ்வாய் எண்ணுகிறவன், பிறனுடைய எல்லைக்கல்லை ஒற்றிப்போடுகிறவன், குருடனை வழிதப்பச் செய்கிறவன், பரதேசி, திக்கற்றவன், விதவை இவர்களுடைய நியாயத்தைப் புரட்டுகிறவன் என்று வரிசையாகப் போகிறது. எசரத்தோன் என்ற அசீரிய ராஜா கி.மு. 672-ல் சிற்றரசர்களிடம் வாங்கிய ஒப்பந்தத்திலும், பூமி இரும்பாகும், வெண்கல வானத்திலிருந்து மழை பெய்யாது என்று உபாகமத்தில் இருப்பது போலவே சாபங்கள் உண்டு. ஆனால் அவன் கேட்டதெல்லாம் தனக்குப் பிறகு பட்டத்துக்கு வரும் மகன் அசூர்பானிபாலுக்கு விசுவாசமாக இருக்கவேண்டும் என்பதுதான். நம் தேவன் தம் உடன்படிக்கையில் கூலிக்காரனுடைய சம்பளத்தைக் கேட்கிறார். பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை நம்பியிருக்கிறான் என்கிறார்.

இதை எழுதும்போது நான் இளவயதில் வேலை பார்த்த ஒரு கடை ஞாபகத்துக்கு வருகிறது. முதலாளி நம் சபைக்காரர். கல்லாவுக்கு மேலே "நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன்கொடுப்பாய், நீயோ கடன் வாங்காதிருப்பாய்" என்று சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதற்குக் கீழே நின்றுதான் நாங்கள் மூன்று பேர் மாதம் 20-ஆம் தேதி வரைக்கும் சம்பளம் கேட்டுக்கொண்டிருப்போம். அவர் கெட்டவர் இல்லை. அந்தச் சட்டத்துக்குள் இருந்ததை உண்மையாக நம்பினார். அதற்கு முன்னால் ஒரு "செவிகொடுப்பாயானால்" இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டியது உங்கள் ஊழியம், ஐயா.

கீழ்ப்படிதலைப் பேசினால் கிருபை குறைந்துவிடுமோ என்று உங்களில் சிலர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆதியாகமம் 15-ஐ நினைத்துப் பாருங்கள். கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் நடுவே துண்டித்து எதிர் எதிராக வைக்கிறார் ஆபிராம். உடன்படிக்கையை மீறினால் எனக்கும் இந்த கதி என்று சொல்லி அந்தத் துண்டங்களுக்கு நடுவே நடப்பது அந்தக் காலத்து முறை. ஆனால் ஆபிராம் நடக்கவில்லை, அயர்ந்த நித்திரையில் கிடக்கிறார். புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் மட்டும் கடந்து போகின்றன. கர்த்தர் தாமே, தனியாக. சீனாயிலும் முதல் கட்டளைக்கு முன்னால் "அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறார். விடுதலை கொடுத்துவிட்டுத்தான் கீழ்ப்படியக் கேட்கிறார். இது விலை பேசுவது இல்லை.

அதே துண்டங்கள் எரேமியா 34-ல் திரும்ப வருகின்றன. இந்த அதிகாரத்தில் ஒரு பிரசங்கமாவது செய்யுங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. யூதாவின் அரணான பட்டணங்களில் லாகீசும் அசெக்காவும் மட்டும் மிச்சம். (1935-ல் லாகீசைத் தோண்டியபோது மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அசெக்காவின் அடையாளம் எங்களுக்குத் தெரியவில்லை, லாகீசின் அடையாளத் தீயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒன்றில் யாரோ எழுதியிருக்கிறார்.) அந்த நெருக்கடியில் சிதேக்கியா ராஜாவும் ஜனங்களும் உடன்படிக்கை செய்து, கன்றுக்குட்டியைத் துண்டித்து அதன் நடுவே நடந்து, தங்கள் எபிரெய அடிமைகளை விடுதலை பண்ணினார்கள். ஏழாம் வருஷத்தில் விட்டுவிடவேண்டும் என்ற பழைய கட்டளை கடைசியில் நிறைவேறியது. அப்புறம் எகிப்தின் சேனை வருகிறது என்று கேள்விப்பட்டு பாபிலோனியர் முற்றுகையை விட்டு விலகினார்கள். ஆபத்து நீங்கியது. இவர்கள் போய் அதே ஆண்களையும் பெண்களையும் திரும்பப் பிடித்து வந்து அடிமையாக்கிக்கொண்டார்கள்.

கர்த்தர் அதற்குச் சொன்ன பதிலின் சாரம் இது: நீங்கள் உங்கள் சகோதரனுக்கு விடுதலை கூறவில்லை, ஆகையால் பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் நான் உங்களுக்கு விடுதலை கூறுகிறேன். பாபிலோனியர் திரும்பி வந்தார்கள். கி.மு. 586-ஐ ஒட்டி நகரம் எரிந்தது. "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம் இதுவே" என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்த ஆலயமும் சேர்ந்து எரிந்தது. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அட்டையும் அம்மாவிடம் இருந்தது. அது அந்த அழிவுக்குச் சில வருஷங்களுக்கு முன்பே பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதப்பட்ட வசனம். முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வியாதியில் கிடக்கிற ஒருவரிடம் போய், நீ கீழ்ப்படியவில்லை, அதனால்தான் இது என்று சொல்லச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அந்த உடன்படிக்கை ஒரு தேசத்தோடு செய்யப்பட்டது, அதன் நிலத்தையும் மழையையும் நீதிமன்றத்தையும் பற்றியது. தனி ஒருவரின் கட்டிலருகே நின்று வீசுவதற்கு அது கல் இல்லை.

எபிரெயத்தில் "ஷெமா" என்றால் காதால் கேட்பதும்தான், சொன்னபடி செய்வதும்தான். நம் தமிழுக்கு இது புதிது இல்லை. "சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை" என்று நம் அம்மாக்கள் எந்தப் பிள்ளையைச் சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும்.

1979-ல் எருசலேமின் இன்னோம் பள்ளத்தாக்கை ஒட்டிய கல்லறைக் குகை ஒன்றில் சுருட்டி வைத்த இரண்டு வெள்ளித் தகடுகள் கிடைத்தன. எரேமியாவின் காலத்தை ஒட்டியவை. யாரோ உடம்பில் அணிந்திருந்தவை. பெரியதை விரித்தபோது நீளம் சுமார் 97 மில்லிமீட்டர், அகலம் 27. "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று நீங்கள் ஆராதனை முடிவில் சொல்கிற ஆசீர்வாதத்தின் வார்த்தைகள் இரண்டு தகடுகளிலும் உள்ளன. பெரிய தகட்டில், எழுத்துகள் சில சிதைந்திருந்தாலும், அதற்கு முன்னால் இன்னொன்றும் இருக்கிறது: தம்மில் அன்புகூர்ந்து தம் கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறவர்களுக்கு உடன்படிக்கையையும் தயவையும் காக்கிறவர் என்று. விரல் அகல வெள்ளியில் ஊசிமுனை எழுத்தில் கீறியவருக்கு அதற்கும் இடம் கிடைத்திருக்கிறது.

நம் அட்டை அதைவிடப் பெரியது, ஐயா. பின்பக்கம் வெறுமையாக வேறு இருக்கிறது. இந்த வருஷம் அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்பு ஒவ்வொரு வசனத்தையும் அதன் முதல் எழுத்திலிருந்து ஒரு தடவை வாசித்துப் பார்த்து, முழுசாகப் போடச் சொல்லுங்கள். டிசம்பர் 31 அன்று வழக்கம்போல நான் வரிசையில் வருவேன்.

கிறிஸ்துவுக்குள்,
ஒரு சபை விசுவாசி