வாய்க்காலுக்கு மேற்கேயும் ஊர் இருக்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியைக் காலாற நடந்து பார்ப்பது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர், அதில் தொங்கும் காகிதப்பூ, ஆசிரமம், காப்பி, குரோசான் என்று வரவேண்டியவை எல்லாம் வந்துவிட்டன. கடைசிப் பத்தியில் எழுதியவர் இப்படி முடிக்கிறார்: “பெரிய வாய்க்காலைத் தாண்டினால் கடைகளும் இரைச்சலும்தான். பார்க்க ஒன்றுமில்லை, அப்படியே திரும்பிவிடலாம்.”

ஊரைக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்று பிரிப்பது அந்த வாய்க்கால்தான். நான் பிறந்ததும் படித்ததும், ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றதும், இன்றைக்கும் குடியிருப்பதும் அந்த ஒன்றுமில்லாத பக்கத்தில்தான்.

பாரதியார் 1908இல் இங்கே வந்து பத்தாண்டு இருந்தார் என்பது தாங்கள் அறியாததல்ல. செப்டம்பர் வந்தால் அவர் படத்தைத் தவறாமல் அட்டையில் போடுகிறவர் தாங்கள். அவர் குடியிருந்து, இப்போது நினைவு இல்லமாக இருக்கும் வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கிறது. பாரதிதாசன் வாழ்ந்த வீடு பெருமாள் கோயில் வீதியில். இரண்டும் வாய்க்காலுக்கு மேற்கே. சரி, கவிஞர்களை விடுங்கள். கட்டுரையாளர் மெய்மறந்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறாரே ஆசிரமம், அதன் அரவிந்தர் 1910 ஏப்ரலில் கப்பலில் வந்து இறங்கியதும் முதலில் தங்கியது எங்கே? கோமுட்டி வீதியில், சங்கரச் செட்டியார் வீட்டு மாடியில். அவரை யாரும் வாய்க்காலோடு திருப்பி அனுப்பவில்லை.

‘பிரெஞ்சுக்காரர்கள் கோடு போட்டதுபோல் அமைத்த தெருக்கள்’ என்று வேறு ஒரு வரி. 1693 முதல் 1699 வரை ஊர் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் கையில் இருந்தது. குறுக்கும் நெடுக்குமான இந்தத் தெருக்களுக்கு வரைபடம் போட்டவர்கள் அவர்கள். பிறகு 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து, கோட்டை, மாளிகை எல்லாவற்றையும் தரைமட்டமாக்கினார்கள். கட்டுரையாளர் தொட்டுத் தடவிப் பார்த்த மஞ்சள் சுவர்கள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. அந்த இடிப்புக்குத் தப்பிய மிகச் சில கட்டடங்களில் ஒன்றாக இங்கே சொல்லப்படுவது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்கு துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதிய அதே பிள்ளைதான். கீழே நம் ஊர் மரத்தூண்களும் மேலே வெள்ளைக்காரப் பாணித் தூண்களுமாக அந்த வீடு நிற்பது ரங்கப்பிள்ளை வீதியில், மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், அதாவது கடைகளுக்கும் இரைச்சலுக்கும் நடுவில்.

எனக்குக் கோபம் வருவது இதற்காக மட்டும் அல்ல. நடப்பதற்கென்றே கட்டிய தெருக்களைப் பற்றி, நடை பற்றி எழுதுகிறவரே ஒன்றுமில்லை என்கிறாரே! எங்கள் பக்கத்து வீடுகளில் திண்ணை வீட்டுக்காரருக்கு. அதற்கு முன்னால் தெருவை ஒட்டி மரத்தூண் நட்டு, நாட்டு ஓடு வேய்ந்து இறக்கிய தாழ்வாரம் தெருவில் போகிறவருக்கு. வீட்டுக்கு வீடு தாழ்வாரம் தொடர்ந்து ஓடும். சித்திரை வெயிலிலும் தலையில் துண்டு போடாமல் தெருவின் கோடி வரை போகலாம். மழைக்கும் அப்படியே. என் மாணவர்களை ஞாயிறு காலைகளில் வைசியாள் வீதிக்கு அழைத்துப்போய் வரிசையாக உட்காரவைத்து வரையச் சொல்லுவேன். கீழ்த்தளம் திண்ணை, தாழ்வாரம், செதுக்கிய கதவு என்று தமிழ் வீடாக இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் மாடியில் வளைவு சன்னலும் சுவரோடு ஒட்டிய தூணுமாகப் பிரெஞ்சு வீடு. இரண்டும் எங்கே சேருகின்றன என்று கோடு போட முடியாமல் பிள்ளைகள் ரப்பரைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த வீதியைப் புதுப்பித்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் அங்கீகாரமே கிடைத்தது. தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் போனால் முஸ்லிம் வீடுகளின் அழகு வேறு மாதிரி.

கட்டுரையாளரை மட்டும் சொல்லி என்ன பயன்? வழிகாட்டிகளே வாய்க்காலை ஒட்டிய செஞ்சி சாலையைத் தாண்டுவதில்லை. வாய்க்கால் ஓரம் கூட்டத்தை நிறுத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு கையை மட்டும் மேற்கே நீட்டி, “அது தமிழர் பகுதி” என்று ஏதோ அயல்நாட்டைக் காட்டுவதுபோல் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தாண்டி வருகிறவர்கள் கல்யாணப் படம் எடுக்கிற கோஷ்டி மட்டும்தான். ஒரு காலை என் மாமியார் எங்கள் வீட்டுத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேமராவோடு வந்த பையன், “பாட்டி, நீங்க ஃபிரேம்ல வர்றீங்க, கொஞ்சம் உள்ள போய்க்கிறீங்களா?” என்றான். எண்பதைத் தாண்டிய மனுஷி, முறத்தோடு எழுந்து உள்ளே போனார். மணப்பெண் அந்த இடத்தில் உட்கார்ந்து மல்லிகைப்பூ தொடுப்பதுபோல் நடித்தாள்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குமேல் வண்டி விடக்கூடாது. நல்ல ஏற்பாடு, நானும் அங்கேதான் நடக்கப் போகிறேன். ஏன் தெரியுமா? என் வீதியில் நடக்க இடம் கிடையாது. தாழ்வாரங்கள் பாதி இடிந்தாயிற்று, மீதியில் பைக் நிற்கிறது. சனி ஞாயிறு வந்தால் வெளியூர் கார்கள் வாசலை அடைத்துவிடும். கழிவுநீர்க் கால்வாயை மூடியிருந்த பலகைக் கல் உடைந்ததைப் பற்றி நான் மனுக் கொடுத்து, அதிகாரிகள் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் போட்டு, கடைசியில் எதிர்வீட்டுக்காரரே ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டார். அதுவும் தேக்குக் கதவு. இடித்த வீட்டுக் கதவு.

2014 நவம்பரில் மழைக்கு மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்தபோது தங்கள் இதழ் முழுப் பக்கம் கண்ணீர் விட்டது. நானும் வருத்தப்பட்டேன். பிறகு அதைப் பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியும்விட்டார்கள், நல்லது. மழையே இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஜேசிபி வைத்து ஒவ்வொன்றாக இடிக்கப்படும் திண்ணை வீடுகளைப் பற்றி அப்போதே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வரவில்லை. அந்த வாரம் இடப்பற்றாக்குறை போலும். மீன் குழம்பில் பிரெஞ்சுச் சுவை என்று நான்கு பக்கத்துக்கு ஒன்று வந்திருந்தது.

போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையின் முதல் பக்கத்தை நிறைத்திருக்கும் வண்ணப் படத்துக்குக் கீழே ‘பிரெஞ்சுப் பகுதியின் எழில்மிகு இல்லம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வீடு எனக்குத் தெரியும். மூன்றாவது தூணின் அடியில் ஒரு கீறல் இருக்கும், படத்திலும் தெரிகிறது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வாய்க்காலுக்கு மேற்கே. ஆக, எழுதியவர் திரும்பிவிட்டாலும் படம் எடுத்தவர் தாண்டி வந்திருக்கிறார்.

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள், அது போதும். இடம் இருந்தால், திண்ணையில் உட்காரும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காரவும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் என் மாமியார் கதையை எடுத்துவிடலாம், அவரே அதை விரும்பமாட்டார். தெருப் பெயர்களில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
புதுச்சேரி - 1