ஒரு கட்டியை வடித்ததற்கும், மற்றொன்றைத் தொடாமல் விட்டதற்கும் நன்றி

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் பாலக்கோட்டிலிருந்து என் பணிவான வணக்கம்.

என் வலது சிறுநீரகத்தில் 9 செ.மீ. அளவுக்கு வளர்ந்திருந்த நீர்க்கட்டியை, வயிற்றைக் கீறாமல் ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ஊசி செலுத்தி வடித்து மூன்று மாதங்கள் ஆகின்றன. நேற்று எடுத்த ஸ்கேனில் அது 3 செ.மீ.க்குச் சுருங்கிவிட்டதாகத் தெரிந்தது. தக்காளி மண்டியில் காலை முழுவதும் உட்கார்ந்து கணக்கெழுத முடியாதபடி விலாவின் கீழே இழுத்துக்கொண்டிருந்த வலியும் இப்போது இல்லை.

முதல் நன்றி, சிடி ஸ்கேன் அறிக்கையைப் பொறுமையாக விளக்கிய சிறுநீரகவியல் மருத்துவர் அம்மா அவர்களுக்கு. அறிக்கையில் 'போஸ்னியாக் 1' என்றிருந்ததை, அதற்கு முன் நாங்கள் காட்டிய ஓரிடத்தில் புற்றுநோயின் முதல் நிலை என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவி இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. அது 1986-ஆம் ஆண்டு போஸ்னியாக் என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் வகுத்த வரிசை என்றும், அதில் 1 என்பது மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் மட்டுமே உள்ள சாதாரணக் கட்டி என்றும் அம்மா சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. நம் மாவட்டத்துத் தண்ணீரின் ஃபுளோரைடுதான் காரணமோ என்று கேட்டேன். அது பல்லையும் எலும்பையும் கெடுப்பது, இதுவோ வயது ஏற ஏறப் பலருக்கும் வருவது என்று பிரித்துச் சொன்னார். ஒரு மாதமாக நான் குடித்துவந்த வாழைத்தண்டுச் சாற்றைப் பற்றிச் சிரித்துக்கொண்டே, "இது கல் இல்லைங்க ஐயா, கரைவதற்கு" என்றார்.

கதிரியக்க மருத்துவர் ஐயா அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. குப்புறப் படுக்கவைத்து, முதுகின் பக்கவாட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, திரையில் கருவட்டமாகத் தெரிந்த கட்டிக்குள் முதலில் ஊசியையும் பின்னர் மெல்லிய குழாயையும் செலுத்தினார். வெளியே வந்த வெளிர்மஞ்சள் நீர் சுமார் 350 மில்லி. புட்டியை என்னிடம் காட்டிவிட்டே பரிசோதனைக்கு அனுப்பினார். வெறுமனே வடித்துவிட்டால் கட்டியின் உட்சுவர் மறுபடி நீரைச் சுரந்துவிடும் என்பதால், அந்தச் சுவரைச் செயலிழக்கச் செய்ய ஆல்கஹால் செலுத்த வேண்டியிருந்தது. அதற்கு முன் சாய மருந்தை விட்டு, கட்டிக்கும் சிறுநீர் போகும் பாதைக்கும் தொடர்பில்லை என்பதை எக்ஸ்ரேயில் உறுதிசெய்துகொண்டார். ஆல்கஹால் உள்ளே இருந்த இருபது நிமிடமும், அது எல்லாப் பக்கமும் படும்படி என்னை இடமும் வலமுமாகத் திருப்பிப் படுக்கவைத்த டெக்னீசியன் தம்பியின் கைத்தாங்கலை மறக்க மாட்டேன். பிறகு அதையும் உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். எரிச்சல் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறேனா என்று மூன்று முறை கேட்ட செவிலியர் சகோதரியிடம் நான் சற்றுச் சலித்துக்கொண்டேன். ஊசி போகும் வழியில் ரத்தம் கசியாமலிருக்கவே அக்கேள்வி என்பது பின்னர்தான் புரிந்தது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

விடியற்காலை ஏலத்தை விட்டுவிட்டுத் தருமபுரிக்குக் கார் ஓட்டிவந்த மண்டி நண்பருக்கும், இரவு துணைக்கிருந்த மைத்துனருக்கும், வீட்டைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் என் நன்றி.

இறுதியாக ஒன்று. என் இடது சிறுநீரகத்திலும் 2 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருக்கிறது. "இதையும் வடித்துவிடுங்கள் ஐயா, செலவோடு செலவாகப் போகட்டும்" என்று நானே கெஞ்சினேன். வலியோ அடைப்போ கிருமித்தொற்றோ தராத கட்டியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை என்று மறுத்து, பணத்தோடு என்னை வீட்டுக்கு அனுப்பிவைத்தீர்கள். வடித்ததற்குச் சொல்லும் நன்றியைவிட இதற்குச் சொல்லும் நன்றி ஒரு பங்கு கூடுதல்.

அடுத்த ஸ்கேனுக்கு வரும்போது ஒரு கூடை நாட்டுத் தக்காளி கொண்டுவருகிறேன். மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நன்றியுடன்,
தக்காளி மண்டிக் கணக்கர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.