சுதாவுக்கு 4 மணி நேரம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி படித்து மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம்.

"பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு என்றால் சுதா கேட்பதே இல்லை" என்று குறைப்பட்டிருக்கிறாய். இதில் நான் உன் மகள் பக்கம்தான். பகலில் பெரியவன் விழித்திருப்பான். அவனுக்குச் சோறு ஊட்ட வேண்டும், குழந்தையின் துணி அலச வேண்டும், பார்க்க வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். நடுவில் கிடைக்கிற அரைமணியில் படுத்தாலும் கண் அசராது.

இரண்டு மாதக் குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் வரைகூடத் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. நமக்கு ஒரு தூக்கச் சுற்று சுமார் 90 நிமிடம். அதற்கு 50 நிமிடம்தான். இரவு பகல் பேதம் பிடிபடவும் மூன்று மாதமாவது ஆகும். அதன் கூடவே விழித்து விழித்துப் படுத்தால், மொத்தம் ஏழு மணி நேரம் ஆனாலும் தாய்க்கு அசதி தீராது. சுதாவுக்கு வேண்டியது ஒரே மூச்சில் 4 மணி நேரத் தூக்கம். அது அவள் முயற்சியால் வராது, மல்லிகா. வீட்டில் வேறொருவர் விழித்திருந்தால்தான் வரும்.

இரவு 9 மணிக்குப் பால் கொடுத்ததும் அவள் வேறு அறையில் போய்ப் படுக்கட்டும். 1 மணி வரை குழந்தை உன் பொறுப்பு. மாப்பிள்ளை வந்திருக்கும் நாட்களில் அவர் பார்க்கட்டும், கேட்பதற்குச் சங்கடப்படாதே. 1 மணிக்கு மேல் அவளே பால் கொடுக்கட்டும். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் கூடுதல், அதனால் ராத்திரிப் பாலை முழுக்க நிறுத்தினால் சுரப்பு குறைந்துவிடும். எழுந்திருக்கும்போது மார்பு கட்டியிருந்தால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் குழந்தையைப் போட்டால் சுலபமாகப் பிடிக்கும்.

நடுவில் பசித்தால் எடுத்து வைத்த தாய்ப்பால் கொடு. காலையில் ஒரு பக்கம் குழந்தை குடித்ததும் மறுபக்கத்தைக் கையால் பீய்ச்சி, கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் சேர்க்கலாம். 60 முதல் 90 மில்லி போதும். உடனே ஃபிரிட்ஜின் உள்பக்கம் வை. கதவுத் தட்டில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும். உள்ளே 4 நாள் வரை கெடாது. வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு, நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவராது. அடுப்பில் வைக்காதே, வெதுவெதுப்பான நீரில் கிண்ணத்தை வைத்தால் போதும். பாலாடைச் சங்கில் கொடுக்கும்போது குழந்தையைச் சாய்வாக உட்கார்த்தி, பால் கீழுதட்டைத் தொடும்படி பிடி. அதுவே உறிஞ்சட்டும், வாயில் ஊற்றினால் புரையேறும். மீந்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே.

நெளிந்து முனகினால் உடனே தூக்காதே. ஒரு நிமிடம் பொறு. பல தடவை தானே தூங்கிவிடும். ராத்திரி முழுக்கத் தூளியில் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. தாடை மார்பில் மடங்கி மூச்சுத் திணறலாம், துணி முகத்தை மூடலாம். ஆட்டம் நின்றதும் விழித்துக்கொள்ளும். அழுத்தமான படுக்கையில், தலையணை இல்லாமல் மல்லாக்கப் போடு. பெரியவன் பக்கத்தில் வேண்டாம். சோபாவில் உட்கார்ந்து பால் கொடுக்கையில் சுதா கண்ணயர்ந்துவிடாமலும் பார்த்துக்கொள். அது மிக ஆபத்து.

பெரியவனுக்கு இரண்டு வயதாகிவிட்டது, இனி ராத்திரி புட்டிப்பால் வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 30 மில்லி வீதம் குறைத்து, கடைசியில் தண்ணீர் கொடு. பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும்; நாள் முழுவதும் சேர்த்து அரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம்.

இப்படி ஒரு வாரம் தூங்கியும் அசதி போகவில்லை என்றால் தூக்கத்தை மட்டும் காரணம் சொல்லாதே. ரத்தத்தில் ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டி.எஸ்.எச்.சும் பார்க்கச் சொல். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடம்புரள்வது உண்டு. முதலில் படபடப்பு, பிறகு சோர்வு. இரும்புச்சத்து மாத்திரை பிரசவம் ஆனபின் 180 நாள் சாப்பிட வேண்டியது, பாதியில் விட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். காபி, டீயோடு வேண்டாம், கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதே. பத்தியம் என்று தண்ணீரையும் குறைத்திருந்தால் அதை இன்றே நிறுத்து.

இன்னொன்றைக் கவனமாகப் பார். குழந்தை தூங்குகிறது, நீ பார்த்துக்கொள்கிறாய், அப்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லையா? அழுதுகொண்டே இருக்கிறாளா? இரண்டு வாரம் அப்படியே நீடித்தால் மருத்துவரிடம் கூட்டிப் போ. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று வாய்விட்டால் அன்றைக்கே போக வேண்டும், தனியாகவும் விடாதே. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

பரிசோதனை முடிவு வந்ததும் அந்தச் சீட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
வசந்தா