பதிவுப் பொத்தானைக் கண்ணில் படும்படி வையுங்கள்

மீனவ மகளிருக்கான கருவாட்டுத் தொழிற்கடன் பதிவுப் பக்கத்தை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

பெண்களிடம் போதிய ஆர்வம் இல்லாததால்தான் பதிவு குறைந்திருக்கிறது என்று உங்கள் கூட்டத்தில் பேசப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்த மடல்.

பாம்பன் பேருந்து நிறுத்தத்தில் நீங்கள் ஒட்டிய சுவரொட்டியில் குறையில்லை. 'தடைக்காலத்தில் கடனுதவி, இன்றே பதிவு செய்க' என்ற வரியும் கியூஆர் குறியும் போதுமானவையாக இருந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற மீன்பிடித் தடையால் மீன் வரத்துக் குறைந்து, காயப்போட ஒன்றுமில்லாமல் இருந்த என் சித்தி, அதை நம்பித்தான் கைப்பேசியை எடுத்தார்.

திறந்த பக்கத்திலோ சுவரொட்டியில் இருந்த ஒரு சொல்கூட இல்லை. தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் படங்கள் ஐந்து, ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. கைப்பேசியில் ஒரு பக்கம் திறக்க 3 விநாடிக்கு மேல் ஆனால் 53 விழுக்காட்டினர் விலகிவிடுகிறார்கள் என்று கூகுள் 2016-இலேயே சொல்லிவிட்டது. எங்கள் பெண்கள் அவ்வளவு அவசரக்காரர்கள் அல்லர். ஐந்து விளக்கும் ஏற்றி முடியும்வரை காத்திருக்கிறார்கள். அதன் பிறகு டெண்டர் அறிவிப்புக்கும் ஆண்டறிக்கைக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கிடக்கும் பதிவு இணைப்பைத் தேடுகிறார்கள்.

சித்தி அதைக் கண்டுபிடித்து, 24 கட்டங்களையும் முக்கால் மணி நேரம் நிரப்பினார். கடைசியில் 'சமர்ப்பி', 'அழி' என்று ஒரே நீலத்தில், ஒட்டினாற்போல் இரண்டு பொத்தான்கள். உப்பில் ஊறி வெடித்த விரலைத் தொடுதிரை எளிதில் ஏற்பதில்லை. அழுத்தித் தொட்டதில் 'அழி'யில் பட்டு எல்லாம் போயிற்று. மூன்றாம் முறையும் அப்படியே ஆனபோது, "எனக்குத்தான் சரியாத் தொடத் தெரியலை" என்று கைப்பேசியை வைத்துவிட்டார். தெரியாதது சித்திக்கு அல்ல.

அந்தப் பக்கத்தின் உச்சியில், சுவரொட்டியின் அதே வரிக்குக் கீழே, பெரிதாக ஒரே ஒரு பதிவுப் பொத்தான் வேண்டும். பெயர், ஊர், கைப்பேசி எண் மூன்றையும் மட்டும் முதலில் கேளுங்கள். மற்றவற்றை உங்கள் ஊழியர் அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம். எத்தனை நாளில் அழைப்பீர்கள் என்பதைப் பொத்தானுக்கு அடியிலேயே எழுதிவிட்டால், நம்பித் தொடுவார்கள். 'அழி' யாருக்காக வைக்கப்பட்டது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

கரையில் இருப்பவர்களுக்கான பக்கங்களையெல்லாம் குளிரூட்டிய அறையில், அகலத் திரையில் பார்த்தே ஒப்புதல் தருகிறார்கள். மானியம், காப்பீடு, அடையாள அட்டை என எதை எடுத்தாலும் இதே கதைதான். அதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பல்ல என்பதை அறிவேன். சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க.

ஒரே ஒரு பொத்தான், பக்கத்தின் உச்சியில். தடைக்காலம் முடிவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மாற்றியதும் ஒருமுறை பாம்பனுக்கு வாருங்கள்; சித்தியின் கைப்பேசியிலேயே திறந்து பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
மண்டபத்தில் கணினி மையம் நடத்தும் ஒருவன்